முந்நூற்றுப் பன்னிரண்டு பானைகள்

எங்கள் மலையில் தாது கிடையாது.
அது ஆஸ்திரேலியாவில், செம்மண் நிறத்தில்.
வாங்குகிறவன் ஜெர்மனியில்.
இரண்டுக்கும் நடுவில்கூட இல்லை ஹ்ரீம்ஃபியோர்ட்;
வரைபடத்தை மடித்தால்
ஓரத்தில் கிழிகிற இடம்.

பிறகு ஏன் இங்கே என்று
நேர்காணலில் கேட்டேன்.
கிரேன் ஓட்டத் தெரியுமா என்றார்கள்.
தெரியும் என்றேன்.
அத்தோடு கேள்வி கைமாறிவிட்டது.

விடையைத் துறைமுகத்தில் தெரிந்துகொண்டேன்.
கப்பலில் ஏற மறுக்கும் சரக்கு ஒன்றுண்டு:
விழுகிற தண்ணீர்.
அது வராது.
ஆகவே மற்றதெல்லாம் அதனிடம் வந்தன,
பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு,
அதுவே மலிவென்று
எங்கோ ஒருவன் கூட்டிப் பார்த்ததால்.

இரண்டு டன் வெள்ளைப் பொடியை இறக்கினால்
ஒரு டன் உலோகம் ஏற்றுவேன்.
குறைகிற ஒரு டன்
புகைபோக்கி வழியே போகிறது.
அதற்கு யாரும் விலை கேட்பதில்லை.
அது எங்களுக்கு.

ஹெர்ரிங் மீன்கள் இடம் மாறியபோது
முன்னறிவிப்புத் தரவில்லை.
பள்ளியில் பதினொரு பிள்ளைகள் மிஞ்சினார்கள்;
ஆசிரியை இரண்டு வகுப்பை ஒரே அறையில் கூட்டினாள்,
பிறகு மூன்றை.
இப்போது நூற்று நாற்பது பேர்.
கட்டுமானத்துக்கு வந்த ஸ்போமிர்
போலந்துக்குத் திரும்பாமல் ரொட்டிக்கடை வைத்தான்.
வெந்நீர்க் குளத்தில் பிள்ளைகள்
மூன்று மொழிகளில் திட்டிக்கொள்கிறார்கள்.

என் தம்பி கெட்டில்
மேட்டுப் பள்ளத்தாக்கில் வாத்துக் கூடுகளை எண்ணுகிறவன்.
பள்ளத்தாக்கு இப்போது அணைக்குள்.
எண்ணிக்கை ஏடு மட்டும் அவனிடம் இருக்கிறது.
நாலு வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.
போன கிறிஸ்துமஸுக்கு வந்தான்,
புகையூட்டிய ஆட்டுக்கால் ஒன்றைக்
கையிலேந்தி,
அலுமினியத் தாளில் சுற்றி.
வாங்கிக்கொண்டேன்.
இருவரும் தாளைப் பார்த்தோம்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு
புயல் மின்கம்பியை அறுத்தது.

உலைக்கூடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பானைகள்.
பானை என்றுதான் சொல்கிறோம்,
உள்ளே கொதிப்பது சோறல்ல என்றாலும்.
மின்சாரம் நின்றால் ஐந்து மணி நேரம்.
அதற்குமேல் உலோகம் உறைந்து கல்லாகும்.
ஒரு பானை உறைந்தால் உடைத்து எடுக்கலாம்.
எல்லாம் உறைந்தால்
எந்த முதலாளி மறுபடி அடுப்பு மூட்டுவான்?
நோர்வேயில் தண்ணீர் உண்டு.
கனடாவில் தண்ணீர் உண்டு.
வளைகுடாவில் எரிவாயு உண்டு.

ஊர் முழுவதும் ஜன்னலோரம் நின்றது.
ஸ்போமிர் மாவு பிசைவதை நிறுத்தினான்.
கடன் வாங்கி வீடு கட்டிய ஆல்ஃப்டீஸ்
படிக்கட்டில் உட்கார்ந்து
கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள்.
ஒரு மணி. இரண்டு. மூன்றே கால்.

பதினாறு வருடம் காதுக்குள் இருந்த இரைச்சல்
இல்லாமல் போயிருந்தது.
அதன் இடத்தில் ஒரு சத்தம்,
வீட்டுக்குப் பின்னால், பனிக்கட்டிக்கு அடியில்.
யாரோ வாளியைச் சாய்க்கிறார்கள் என்று
விளக்கெடுத்துப் போனேன்.
ஓடை.
இத்தனை நாளும் அங்கேயேதான் ஓடியிருக்கிறது,
எந்தக் கணக்கிலும் சேராத அளவுக்குச் சின்னதாக.
பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.
நன்றாக இருந்தது.
நன்றாக இருந்ததென்று கெட்டிலிடம் சொல்லமாட்டேன்.

நாலு மணி நாற்பதாவது நிமிடம்
முதலில் துறைமுகவிளக்கு,
பிறகு அந்த இரைச்சல்.
தெருவில் யாரோ கைதட்டினார்கள்.
என் தொண்டையிலிருந்தும் ஏதோ கிளம்பியது,
அழுகையா சிரிப்பா தெரியவில்லை.
ஓடையைத் தேடிக் காதைக் கொடுத்தேன்.
கிடைக்கவில்லை.

காலை ஷிப்ட் ஏழுக்கு.
கப்பல் காத்திருந்தது,
நாற்பதாயிரம் டன்,
இங்கே எதற்கு வந்தோமென்று
அதுவும் கேட்கவில்லை.